அகல டயர் ஆசை: மாட்டுவண்டிப் பட்டாவிலிருந்து மாடிஃபைடு ஜீப் வரை

திண்டுக்கல்லில் இருந்து குமுளி போற ரோட்டில் வத்தலக்குண்டு தாண்டினா காட் ரோடு பிரிவு வரும். வலது பக்கம் ஏறினா கொடைக்கானல். நேரா போனா தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி, கம்பம். நேரா போற இந்த ரோடு முழுக்க ஜீப் ராஜ்ஜியம்தான். விடியக்காலையில் கம்பத்துலயும் போடியிலயும் ஏலத்தோட்ட வேலைக்குப் போற பெண்களை ஏத்திக்கிட்டு மலை ஏறுறதும் ஜீப்தான். சனி, ஞாயிறுல தேவதானப்பட்டி கடைவீதியில் எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைக்கிறதும் ஜீப்தான். அந்த ரெண்டாவது வகை ஜீப்புல டயர் பாடிக்கு வெளியே ஒரு கை அகலம் நீட்டிக்கிட்டு நிக்கும்.

அமெரிக்காக்காரனுக்கு மஸ்டாங் மாதிரி நமக்குப் பழைய மஹிந்திரா ஜீப். அதுக்கு அகலமான டயர் போடலாமா, எவ்வளவு அகலம்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பதில் சொல்லணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும். ஏன்னா சக்கரம் எவ்வளவு அகலமா இருக்கணும்ங்கிறது இதே ரோட்டில் ஜீப் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்த பிரச்சினை.

1875ல் ரயில் அம்மையநாயக்கனூர் வழியா மதுரை வரைக்கும் வந்துடுச்சு. இன்னைக்கு நாம கொடை ரோடுன்னு சொல்ற ஸ்டேஷன் அதுதான். அங்கே இறங்கின வெள்ளைக்காரங்க ராத்திரி முழுக்க மாட்டுவண்டியில் வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி வழியா பெரியகுளத்துப் பக்கம் மலையடிவாரத்துக்கு வந்து, அங்கிருந்து டோலியிலயும் குதிரையிலயும் கொடைக்கானல் ஏறுவாங்க. 1887ல் பென்னி குயிக் முல்லைப் பெரியாறு அணையை ஆரம்பிச்சப்போ, இயந்திரம், இரும்புச் சாமான் எல்லாம் அதே ஸ்டேஷனில் இறங்கி, நூறு கிலோமீட்டருக்கு மேல மாட்டுவண்டியில்தான் கூடலூர் போச்சு. அணை திறந்தது 1895ல். அதுவரைக்கும் இந்த ரோடு பட்ட பாட்டை யோசிச்சுப் பாருங்க.

வண்டிச் சக்கரம் எப்படி இருக்கும்? நடுவுல குடம், அதிலிருந்து ஆரக்கால், சுத்தி மர வட்டை, அதுக்கு மேல பழுக்கக் காய்ச்சி இறுக்கின இரும்புப் பட்டா. பட்டாவோட அகலம் ரெண்டு அங்குலம் இருந்தாலே ஜாஸ்தி. ஒரு டன் பாரமும் அந்த மெல்லிசு இரும்பு வழியா ரோட்டில் இறங்கும். ஜல்லி நொறுங்கிப் பள்ளம் விழும்; அடுத்த வண்டியும் அதே பள்ளத்திலதான் போகும்.

அப்போ அகலமா செஞ்சிருக்கலாமேன்னு தோணும். ஆனா வண்டிக்காரருக்கு ஒல்லிச் சக்கரம்தான் லாபம். இரும்பு கம்மி, மாட்டுக்கு இழுவை கம்மி, வயல் சேத்துக்குள்ள கத்தி மாதிரி இறங்கி அடியில இருக்கிற கெட்டி மண்ணைப் பிடிச்சுக்கும். ரோடு கெட்டா அது சர்க்காரோட கவலை.

இங்கிலாந்திலும் இதே கதைதான். அங்கே 1753லேயே சட்டம் போட்டாங்க: பாரவண்டிச் சக்கரம் ஒன்பது அங்குல அகலம் இருக்கணும். வண்டிக்காரன் சும்மா இருப்பானா? சக்கரத்தை ஒன்பது அங்குலத்துக்கே செஞ்சான், ஆனா ஓரத்தைச் சரிவா சீவிட்டான். அளந்தா ஒன்பது அங்குலம், தரையைத் தொடுறது மூணு அங்குலம்தான். நம்ம ஊர் மூளைக்குக் கொஞ்சமும் குறைஞ்சதில்லை!

இந்தச் சண்டைக்குத் தீர்வு காத்து ரூபத்தில் வந்துச்சு. 1845ல் தாம்சன் காப்புரிமை வாங்கியும் எடுபடல. 1888ல் பெல்ஃபாஸ்டில் டன்லப் தன் பையனோட மூணு சக்கர சைக்கிளுக்காகச் செஞ்சதுதான் உலகத்தைப் பிடிச்சுது. அவர் பேரில் வளர்ந்த கம்பெனி 1936ல் வங்காளத்தில் சாகாகஞ்சில் ஃபேக்டரி போட்டுது. மாட்டுவண்டிக்கும் ரப்பர் டயர் வந்துச்சு. நம்ம பக்கம் அதுக்குப் பேரு டயர் வண்டி.

இப்போ ஜீப்புக்கு வருவோம். 1941ல் வில்லிஸ் ராணுவத்துக்குச் செஞ்ச ஜீப்போட டயர் 6.00-16. அகலம் ஆறு அங்குலம், ரிம் விட்டம் பதினாறு. 1940களின் கடைசியில் மஹிந்திரா வில்லிஸ் ஜீப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்தப்போ அதே ஒல்லி டயர்தான் கூட வந்துச்சு. காரணம் வண்டிக்காரர் சொன்ன அதே காரணம்: சேத்துல வெட்டி இறங்கும், ஸ்டியரிங் லேசா இருக்கும்.

ஒரு சுவாரசியம். மஸில் காருக்குப் பிள்ளையார் சுழி போட்டதா எல்லாரும் சொல்ற 1964 பான்டியாக் ஜி.டி.ஓ., 325 குதிரைச்சக்தி இன்ஜினை வெச்சுக்கிட்டு 7.50-14 டயர்லதான் ஓடுச்சு. நம்ம ஜீப்பை விட ஒன்றரை அங்குலம் ஜாஸ்தி, அவ்வளவுதான். 1967 வாக்கில் ஃபயர்ஸ்டோன் வைட் ஓவல் வந்த பிறகுதான் அகலமும் குட்டையுமான டயர் ஃபேஷன் ஆச்சு. பவருக்குப் பின்னாடிதான் அகலம் வந்துச்சு. நம்ம ஆளுங்க பவரைத் தொடாம அகலத்தை மட்டும் வாங்குறாங்க.

அகலமானா ரோட்டைத் தொடுற பரப்பு கூடும்னு நம்புறோம்ல? கணக்குப் போடுவோம். ஒரு சக்கரத்து மேல 360 கிலோ, காத்தழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ. தொடுற பரப்பு ஏறக்குறைய 180 சதுர சென்டிமீட்டர். டயர் ஒல்லியோ குண்டோ, காத்து அதேன்னா பரப்பும் கிட்டத்தட்ட அதேதான். வடிவம்தான் மாறும்: ஒல்லி டயருக்கு நீளவாக்கில், அகல டயருக்குக் குறுக்குவாக்கில். குறுக்கால அகலமா இருந்தா வளைவுல பிடிப்பு நல்லா இருக்கும், மணல்ல காத்தைக் குறைச்சு ஓட்டலாம். ஆனா ஐப்பசி மழையில் தண்ணி நிக்கிற ரோட்டில், அகல டயர்தான் சீக்கிரம் தண்ணி மேல மிதக்கும்.

சரி, போட்டே ஆகணும்னா? 235/75 ஆர்15 பாருங்க. உயரம் கிட்டத்தட்ட 29 அங்குலம்; பழைய 16 இன்ச் டயரும் சுமார் 28 இருக்கும். கியர் கணக்கு பெரிசா மாறாது. அதையே 31 இன்ச் டயரா போட்டீங்கன்னா மீட்டர் 60 காட்டும்போது வண்டி 66ல் போய்க்கிட்டிருக்கும், மலையில் இன்ஜின் மூச்சு வாங்கும். ரிம்மும் முக்கியம். நாலரை அங்குல ரிம்மில் அகல டயரைத் திணிச்சா நடு மட்டும் உப்பிக்கிட்டு தேயும். டயர் லீஃப் ஸ்பிரிங்கில் உரசுதேன்னு சக்கரத்தை வெளியே தள்ளுற ரிம் போட்டா, பாரம் வீல் பேரிங் மேலயும் கிங் பின் மேலயும் ஏறும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் அதைத் தோள்பட்டை சொல்லும். ஞாயித்துக்கிழமை ஷோவுக்குன்னா உங்க தோள், உங்க காசு. அதே ஜீப் திங்கட்கிழமை பத்துப் பேரை ஏத்திக்கிட்டு போடிமெட்டு கொண்டை ஊசி வளைவில் ஏறுதுன்னா, அந்த பேரிங்கை நம்பி உட்கார்ந்திருக்கிறவங்க கிட்ட யாரும் கேட்கிறதில்லை.

சட்டம் என்ன சொல்லுது? மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு: கம்பெனி கொடுத்த அசல் விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாது. குமுளி தாண்டினா கேரளா மோட்டார் வாகனத் துறை இதில் ரொம்பக் கறார். 1753ல் ஒல்லிச் சக்கரத்துக்கு அபராதம், இன்னைக்கு அகலச் சக்கரத்துக்கு அபராதம்!

இதுக்கு நடுவுல இன்னொரு கூட்டம் பழைய லோ பானட் ஜீப்பை அசலா மீட்கிறேன்னு கழட்டிப் போட்ட 16 இன்ச் ரிம்மைத் தேடி அலையுது. டயருக்கு அவங்க ரொம்பக் கஷ்டப்பட வேண்டாம், 6.00-16 இன்னும் புதுசாவே கிடைக்குது. கடையில் மட்டும் ஜீப்புக்குன்னு சொல்லிக் கேளுங்க. டிராக்டர் முன்சக்கரத்துக்கும் அதே அளவுதான். அது உழவுக்குச் செஞ்ச டயர், மலைப்பாதை வேகத்துக்கு ஆகாது.