சொல்தா வீடுகளில் பேசப்படாத காயம்

கடற்கரைச் சாலையில் மாலை நடை போகும்போது, காந்தி சிலைக்கு எதிரே உள்ள பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தை நீங்கள் எத்தனையோ முறை தாண்டிப் போயிருப்பீர்கள். முதல் உலகப் போரில் உயிரிழந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938-இல் திறக்கப்பட்டது அது. நவம்பர் 11 அன்று அங்கே மலர்வளையம் வைத்து அஞ்சலி செலுத்துகிறார்கள்.

அந்தச் சின்னம் இறந்தவர்களுக்கானது. உயிரோடு திரும்பியவர்களின் கதை நம் தெருக்களில், வீடுகளுக்குள் நடந்தது.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை நம் ஊரில் 'சொல்தா' என்பார்கள். சிப்பாய் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்தான் அது. முதல் உலகப் போரோடு அவர்களுடைய வேலை முடிந்துவிடவில்லை. 1946 முதல் 1954 வரை இந்தோசீனப் போர் நடந்தது. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அதே நாளில்தான் அல்ஜீரியாவில் அடுத்த போர் தொடங்கியது. 1962 வரை நீடித்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த நம்மூர்க்காரர்கள் இந்தப் போர்களையும் பார்த்தார்கள்.

திரும்பி வந்தவருக்குப் பென்ஷன் வந்தது, பதக்கம் வந்தது, ஊரில் மரியாதையும் வந்தது. கை, கால் போயிருந்தால் அதற்கும் கணக்கு இருந்தது. நடுராத்திரியில் அலறி எழுந்தால்? வெடிச் சத்தம் கேட்டு நடுங்கினால்? காரணமே இல்லாமல் பிள்ளைகள் மீது சீறினால்? 'அவர் குணம் அப்படி', 'குடி கெடுத்துவிட்டது' என்று சொல்லி முடித்துவிடுவது எந்த ஊரிலும் எளிது.

மருத்துவ உலகமே இதைப் புரிந்துகொள்ள நெடுங்காலம் ஆனது. 1915-இல் சார்லஸ் மையர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 'ஷெல் ஷாக்' என்ற பெயரில் இதைப் பற்றி எழுதினார். ஆனாலும் பாதிக்கப்பட்ட பலர் கோழைகள் என்றே பார்க்கப்பட்டார்கள். வியட்நாம் போருக்குப் பிறகு, 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தனி நோயாகத் தன் கையேட்டில் சேர்த்தது. பிரான்சில் 1992 ஜனவரி 10-ஆம் தேதி அரசாணைதான் போரினால் வரும் மனக்காயத்தை மதிப்பிட்டு ஊனப் பென்ஷன் வழங்கத் தனி விதிமுறை வகுத்தது. அறிகுறிகள் பல ஆண்டுகள் கழித்துத் தெரியலாம் என்பதையும் அது ஏற்றுக்கொண்டது. இந்தோசீனப் போர் முடிந்து அப்போது 37 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

அந்தக் காலம் முழுவதும் இந்தச் சுமையைத் தாங்கியவர்கள் மனைவியரும் பிள்ளைகளும்தான். அப்பா தூங்கும்போது தொட்டு எழுப்பக் கூடாது, பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, போரைப் பற்றிக் கேட்கக் கூடாது. இப்படி எழுதாத சட்டங்களோடு வளரும் பிள்ளையிடமும் அந்தப் பயம் தொற்றிக்கொள்கிறது. மூளையின் அபாய மணி நிற்காமல் அடித்துக்கொண்டிருப்பதுதான் இந்த நோய். இதற்கும் ஒருவருடைய வீரத்துக்கும் சம்பந்தமில்லை.

இது பழைய கதை மட்டுமல்ல. இந்திய ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், இலங்கைப் போரில் இருந்து தப்பி வந்தவர்கள் நம் அக்கம்பக்கத்திலும் இருக்கலாம். தீபாவளிக்கு நம் வளாகத்தில் சரவெடி கொளுத்துமுன் அக்கம்பக்கத்து வீடுகளில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எதிர்பாராத சத்தம்தான் அவர்களை அதிகம் உலுக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர் போர் பற்றிப் பேச விரும்பாவிட்டால் துருவாதீர்கள். பேச வந்தால் குறுக்கிடாமல் கேளுங்கள். தூக்கமின்மையும் கோபமும் தொடர்ந்தால் ஜிப்மர் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லலாம். 14416 என்ற டெலிமனஸ் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அடுத்த முறை அந்த நினைவுச் சின்னத்தைக் கடக்கும்போது, திரும்பி வந்தவர்களையும் அவர்களோடு வாழ்ந்தவர்களையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.