நீதியான சமூகம் கடையில் தொடங்குகிறது

சமூகத்தில் ஏற்றத்தாழ்வு குறைய வேண்டும் என்று பேசும்போது நாம் பெரும்பாலும் ஜகாத்தையும் ஸதகாவையுமே நினைக்கிறோம். ஜகாத் கட்டாயக் கடமை. அதில் இரு கருத்து இல்லை. ஆனால் பணத்திலும் வியாபாரச் சரக்கிலும் நாம் கொடுக்கும் ஜகாத் ஆண்டுக்கு 2.5 விழுக்காடு. மீதி 97.5 விழுக்காடு எந்த வழியில் வந்தது என்ற கேள்வியும் மார்க்கத்தில் உண்டு. எடையைக் குறைத்தும் கூலியைப் பிடித்து வைத்தும் சேர்த்த பணத்தைத் தர்மம் தூய்மையாக்கிவிடாது. யாரிடமிருந்து எடுத்தோமோ அவருக்கே அதைத் திருப்பித் தர வேண்டும்.

மதீனாவின் சந்தை

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களிடம், அன்ஸாரித் தோழர் ஸஅத் பின் ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவரோ, அல்லாஹ் உமக்கு பரக்கத் செய்வானாக என்று வாழ்த்திவிட்டு, சந்தைக்குப் போகும் வழியைக் கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கியவர், பின்னாளில் பெரும் செல்வராகி வாரி வழங்கினார். கையேந்தாமல் எழுந்து நிற்க வியாபாரம் வழி தந்தது. அந்த வழி எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதற்காகவே நபி (ஸல்) அவர்கள் சந்தைக்கு ஒழுங்குமுறைகளை வகுத்தார்கள்.

தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டார்கள். ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். சரக்கின் குறையை மறைக்காமல் சொல்வது விற்பவரின் பொறுப்பு என்பதை இதிலிருந்து அறிகிறோம். அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்பவர்களைக் கண்டிக்க ஒரு முழு அத்தியாயமே (திருக்குர்ஆன் 83) அவர்களின் பெயரில் தொடங்குகிறது.

விலை தெரியாதவரின் உரிமை

சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியிலேயே மறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சந்தை நிலவரம் தெரியாதவர் குறைந்த விலைக்கு விற்று நஷ்டப்படுவார் என்பதே அறிஞர்கள் இதற்குச் சொல்லும் முக்கியக் காரணம். அப்படி ஏமாந்தவர் சந்தைக்கு வந்த பிறகு அந்த விற்பனையை முறித்துக்கொள்ளவும் உரிமை உண்டு. இன்று விவசாயியிடம் மண்டி விலையை மறைத்து விளைச்சலை வாங்குபவரும் இந்தத் தடையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தட்டுப்பாட்டை எதிர்பார்த்து உணவுப் பொருளைப் பதுக்குவதும் பாவம் என்று சொல்லப்பட்டது. அதே வேளையில், விலை ஏறியபோது விலையை நிர்ணயிக்குமாறு மக்கள் கேட்டும் நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். இயல்பாக ஏறும் விலையும் பதுக்கி ஏற்றும் விலையும் ஒன்றல்ல. பதுக்கலால் மக்கள் அவதிப்படும்போது நியாய விலைக்கு விற்க ஆட்சியாளர் கட்டாயப்படுத்தலாம் என்று இமாம் இப்னு தைமிய்யா போன்றோர் பின்னர் விளக்கினர்.

முதலும் உழைப்பும்

வட்டியில், கடன் வாங்கியவர் நஷ்டப்பட்டாலும் கொடுத்தவருக்கு லாபம் உறுதி. இதற்கு மாற்றாக முளாரபா முறை உள்ளது. ஒருவர் முதல் போடுகிறார், மற்றவர் உழைக்கிறார். லாபத்தை முன்பே பேசிய விகிதப்படி பிரித்துக்கொள்கிறார்கள். உழைப்பவரின் அலட்சியமோ மோசடியோ இல்லாமல் நஷ்டம் வந்தால், பண நஷ்டம் முதல் போட்டவருக்கு. உழைத்தவருக்கு அவருடைய உழைப்பு வீணாகிறது. கதீஜா (ரலி) அவர்களின் சரக்குகளை நபி (ஸல்) அவர்கள் ஷாம் தேசத்துக்குக் கொண்டுசென்று விற்றதை இம்முறைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். திறமை இருந்தும் முதல் இல்லாத இளைஞர்கள் நம் மஹல்லாக்களில் பலர். அவர்களைக் கடனாளி ஆக்காமல் பங்காளி ஆக்க இது உதவும்.

நாம் செய்ய வேண்டியவை

• கடன், பங்கு, கூட்டு எதுவானாலும் எழுதி வைப்போம். குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதுவதைப் பற்றியதே. சொந்த அண்ணன் தம்பிக்குள் எழுதுவதை அவமரியாதையாக நினைப்பதால்தான் பல குடும்பங்கள் பிரிகின்றன.

• கடைப் பையனுக்கும் வீட்டு வேலை செய்யும் பெண்மணிக்கும் பேசிய சம்பளத்தைப் பேசிய நாளில் கொடுப்போம். வியர்வை உலர்வதற்கு முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது. பெருநாளுக்குக் கொடுக்கும் புதுத்துணி சம்பளப் பாக்கிக்கு ஈடாகாது.

• தவணை கேட்பவர் உண்மையிலேயே சிரமத்தில் இருந்தால் அவகாசம் கொடுப்போம் (2:280).

• தந்தையின் கடையைப் பிரிக்கும்போது சகோதரிகளின் பங்கை விட்டுவிடாமல் கணக்கில் சேர்ப்போம்.

இவற்றுக்குப் பெரும் செல்வம் தேவையில்லை, பெட்டிக்கடையிலும் செய்யலாம். நம்மிடம் வாங்குபவரும், நமக்கு விற்பவரும், நமக்காக உழைப்பவரும் ஏமாறாமல் வீடு திரும்பினால், தர்மத்தை எதிர்பார்த்து நிற்பவர்களின் எண்ணிக்கையும் குறையும். நம் சம்பாத்தியத்தை அல்லாஹ் ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்வானாக.