வன்னி நாட்டு மாதர் சங்கங்களும் அவற்றின் கல்விப் பணியும்

ஈழத்துச் சைவக் கல்வியின் வரலாற்றை எழுதப் புகுவோர், ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையிலிருந்து தொடங்குவது வழக்கம். அப்பாடசாலை பிடியரிசியாலும் பேணப்பட்டது என்பதை அவர்கள் குறிப்பிடத் தவறுவதில்லை. ஆயின், உலையில் அரிசியிடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறு கலத்தில் இட்டு வைத்த கை எவருடையது என்று வினவினோர் சிலரே. அது வீட்டுப் பெண்ணின் கை. பாடசாலை வரலாற்றில் அவள் பெயர் இல்லை. வன்னிப் பெருநிலப்பரப்பின் மாதர் சங்கங்களை ஆராய முற்படுவோரும் இக்குறையையே முதலில் எதிர்கொள்வர். பணி கண்முன்னே நிற்கின்றது. பதிவோ மிகச் சிறிது.

கிராம மாதர் சங்கம் என்னும் அமைப்பின் தோற்றத்தை நோக்குமிடத்து, அதன் வேர் கடல் கடந்து செல்வதைக் காணலாம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அடிலேட் ஹூட்லெஸ் என்னும் அம்மையார் 1889ஆம் ஆண்டில் தம் கைக்குழந்தையை இழந்தார். கெட்ட பாலே அம்மரணத்திற்குக் காரணம் எனக் கருதிய அவர், பாலைத் தூய்மையாகப் பேணும் அறிவு தாய்மாருக்கு வேண்டும் என்னும் உறுதி கொண்டார். 1897ஆம் ஆண்டில் ஸ்ரோனி கிறீக் என்னும் ஊரில் முதலாவது கிராம மாதர் நிலையம் அவர்தம் முயற்சியால் தோன்றிற்று. வங்க நாட்டிலே சரோஜ் நளினி தத் 1913ஆம் ஆண்டில் பாப்னாவில் மகிளா சமிதி ஒன்றை அமைத்தார். 1925இல் அவர் மறைந்தபின், அவர் பெயரால் நிறுவப்பட்ட சங்கம் அம்முயற்சியை வங்கக் கிராமங்களிற் பரப்பிற்று.

இவ்வியக்கத்தை இலங்கையில் நிலைபெறச் செய்தவர் டாக்டர் மேரி இரத்தினம் அம்மையார். கனடாவிற் பிறந்த இவ்வைத்தியர் 1896ஆம் ஆண்டில் இங்கு வந்து, தமிழர் ஒருவரை மணந்து, இந்நாட்டையே தம் நாடாகக் கொண்டார். 1927இல் தோன்றிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்திற் பங்கு கொண்ட அவர், 1930ஆம் ஆண்டில் லங்கா மகிளா சமிதியை நிறுவினார். மறு ஆண்டிலேயே சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கே வைத்து நோக்குதல் தகும். வாக்குச் சீட்டைப் பெற்ற கிராமப் பெண், கூட்டத்தில் எழுந்து பேசவும், தீர்மானத்தை முன்மொழியவும், செலவுக் கணக்கைக் கேட்கவும் பழகிய இடம் மாதர் சங்கமே. குழந்தை வளர்ப்பு, சுகாதாரம், தையல் என்பன வெளிப்படையான பாடங்கள். கூடியிருந்து கருமம் ஆற்றுதல் உட்பொருளாய் அமைந்த பாடம். அம்மையாரின் பொதுப்பணிக்காக 1958ஆம் ஆண்டில் மக்சேசே விருது வழங்கப்பட்டது.

இனி வன்னிக்கு வருவோம். 1902ஆம் ஆண்டில் வேலை தொடங்கப்பெற்ற இரணைமடுக் குளம் 1920களின் தொடக்கத்தில் நிறைவெய்தியபின், அதனைச் சூழ்ந்த காடுகள் படிப்படியாகக் கழனிகளாயின. உருத்திரபுரம், வட்டக்கச்சி, முத்தையன்கட்டு, விசுவமடு முதலிய இடங்களில் குடியேற்றங்கள் எழுந்தன. குடாநாட்டிலிருந்து வந்த இளங்குடும்பத்துப் பெண் காணியைப் பெற்றாள். ஆனால், பிள்ளைப் பேற்றிலும் நோயிலும் துணைநிற்கும் தாயையும் இனத்தவரையும் பின்னே விட்டு வந்தாள். பாடசாலையும் வைத்தியசாலையும் தொலைவில் இருந்தன. மலேரியாக் காய்ச்சலோ அருகில் இருந்தது. இத்தகைய சூழலில் அயல்வீட்டுப் பெண்கள் ஒன்றுகூடுதல் பொழுதுபோக்கன்று, உயிர்த்தேவையாகும். சுதந்திரத்தின் பின்னர் அரசாங்கத்தின் ஆதரவோடு நாடெங்கும் பரவிய மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் வன்னியில் வேரூன்றியமைக்கு இதுவே காரணம் எனலாம்.

1970களின் பிற்பகுதியில் வேறொரு முயற்சி வவுனியாவில் உருவாயிற்று. கட்டிடக் கலைஞர் டேவிட், வைத்தியர் இராசசுந்தரம் ஆகியோர் முன்னின்று நடாத்திய காந்தீயம் என்னும் அமைப்பு, 1977ஆம் ஆண்டு வன்செயலால் இடம்பெயர்ந்த மலையகக் குடும்பங்களைக் குடியமர்த்திற்று. கிராமத்து இளம்பெண்களைப் பயிற்றிப் பாலர் பாடசாலைகளையும் நடாத்திற்று. தோட்டத்து லயத்திலிருந்து வந்த பிள்ளைக்கு முதலெழுத்தைக் கற்பித்தவள் அவ்வூர்ப் பெண்ணே. 1983ஆம் ஆண்டில் அதன் தலைவர்கள் கைதாயினர்; இராசசுந்தரம் அவ்வாண்டு யூலை மாதத்தில் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். அமைப்பு சிதைந்தது. ஆயினும், எழுத்தறிந்த ஊர்ப் பெண்ணொருத்தி மரநிழலிலேனும் ஒரு முன்பள்ளியை நடாத்தலாம் என்னும் எண்ணம் சிதையவில்லை.

பின்னர் நிகழ்ந்த போரின் கதையை வன்னி மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிவுற்றபோது வன்னி மக்களுட் பெரும்பாலோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களில் இருந்தனர். மீண்டு வந்தோர் கண்டவை கூரையற்ற வீடுகளும் தூர்ந்த கிணறுகளுமே. வடக்குக் கிழக்கு மாகாணங்களிற் கணவரை இழந்த பெண்கள் ஏறத்தாழ 89,000 பேர் என 2010ஆம் ஆண்டில் அரசாங்கத் தரப்பு தெரிவித்தது. அந்நிலையிற் கிராமத்தில் மீண்டும் கூடத்தக்க நிலையிலிருந்த அமைப்புகளுள் மாதர் சங்கம் முதன்மையானது. தலைவி, செயலாளர், பொருளாளர் ஆகியோரைத் தெரிந்தனர். சிரமதானத்தாற் கிணறு இறைத்தனர். முன்பள்ளிக்குக் கொட்டில் அமைத்தனர். தையற் பயிற்சி தொடங்கினர். கையிருப்புப் பணத்தை உறுப்பினர்க்கு மாறி மாறி வழங்கும் சுழற்சிக் கடனையும் நடாத்தினர். கோழி வளர்ப்புக்குப் பெற்ற சிறு தொகையை ஒருத்தி திருப்பிச் செலுத்தும்போது அதனைப் பெறவிருக்கும் மற்றொருத்தி எதிரே அமர்ந்திருப்பாள். கணக்கு எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படும்.

இக்கல்வியின் அருமையை உணர்த்தியது பின்வந்த துன்பமே. போருக்குப்பின் நுண்கடன் நிறுவனங்கள் வன்னிக் கிராமங்களிற் புகுந்தன. அவையும் பெண்களைக் குழுக்களாகவே அமைத்தன. ஒருத்தி தவறினால் ஏனையோர் பொறுப்பு என்னும் விதியும் இருந்தது. வாரந்தோறும் தவணை பெறுவோர் வீட்டு வாசலுக்கு வந்தனர். ஒரு கடனை அடைக்க மறுகடன் பெற்றுக் குடும்பங்கள் நொந்தன. 2018ஆம் ஆண்டில் அரசாங்கம் இத்தகைய கடன்களின் வட்டிக்கு ஆண்டுக்கு 35 வீதம் என எல்லை வகுத்தது. வறட்சியுற்ற மாவட்டங்களில் 100,000 ரூபாவுக்கு மேற்படாத நிலுவைக் கடன் பெற்ற பெண்களுக்கு நிவாரணமும் அறிவித்தது. மாதர் சங்கத்திற்கும் கடன் குழுவிற்கும் உள்ள வேறுபாடு யாது? இரண்டிலும் பெண்கள் கூடினர். ஆனால், ஒன்றிற் கணக்குப் புத்தகம் அவர்தம் கையில் இருந்தது. மற்றொன்றில் அது நிறுவனத்தின் கையில் இருந்தது. வட்டியைக் கணிக்கவும், ஒப்பந்தத்தை வாசித்தறியவும், வினா எழுப்பவும் கற்பிக்கும் சங்கம் வலுவிழந்த இடத்திற் கடன் வலுப்பெற்றது என்று கூறின் அது மிகையாகாது.

ஆதலின், மாதர் சங்கத்தைத் தையல் இயந்திரங்களின் தொகையால் மட்டும் அளத்தல் பொருந்தாது. அது வளர்ந்தோர்க்கான பாடசாலை. கூட்ட அறிக்கையும் கணக்கும் அதன் பாடநூல்கள். அந்நூல்களிற் பல இடப்பெயர்வுகளில் அழிந்தன. அரிசியையும் பிள்ளையையும் சுமந்தோர் கொப்பியைச் சுமக்க இயலவில்லை. அதற்காக அவர்களைக் குறைகூறுவார் எவருமிலர். ஆனால், எஞ்சியவற்றைத் தேடாது விடுவோமாயின் அக்குறை நம்முடையதாகும்.

நம் கல்லூரி மாணவர் தத்தம் ஊர்ச் சங்கத்தின் முதியோரை அணுகி, சங்கம் எப்போது கூடிற்று, எங்கே கூடிற்று, முதற் பொருளாளர் யார், முன்பள்ளியில் முதல் ஆண்டு கற்பித்தவர் யார் என்பவற்றைக் கேட்டு எழுதுவாராக. பழைய மாணவர் தம்மிடமுள்ள அறிக்கைகளின் பிரதிகளைக் கல்லூரி நூலகத்திற்கு உதவுவாராக. பிடியரிசி இட்ட கையின் பெயரை நம் முன்னோர் எழுதி வைத்திலர். கொட்டில் வேய்ந்து பிள்ளைகளைக் கூட்டி எழுத்தறிவித்த கையின் பெயரையாவது நாம் எழுதி வைத்தல் வேண்டும்.