கிரீக்ஸ்பீல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரஷ்யாவில் உருவாகி, அந்நாட்டுப் படை அதிகாரிகளின் பயிற்சியில் இடம்பெற்ற போர் விளையாட்டு. இரு தரப்பினர் வரைபடத்தின்மேல் படைப்பிரிவுகளைக் குறிக்கும் காய்களைக் கொண்டு ஆடுவர். மோதலின் விளைவைப் பகடையின் துணையோடு நடுவர் முடிவு செய்வார்.

யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையைக் காய்களாக்கிய சதுரங்கம் ஆறாம் நூற்றாண்டையொட்டி இந்தியாவில் தோன்றி, பாரசீகம், அரபு நாடுகள் வழியே ஐரோப்பாவை அடைந்தது என்பது பெரும்பாலான ஆய்வாளர் கொள்கை. உல்ம் நகரத்துக் கிறிஸ்டோஃப் வைக்மன் 1664-இல் அதை விரிவாக்கி, தரப்புக்கு 30 காய்கள் கொண்ட ஆட்டமொன்றை வெளியிட்டார். பிற்காலப் போர் விளையாட்டுகள் இதற்கு எவ்வளவு கடன்பட்டவை என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

போர் விளையாட்டின் உறுதியான தொடக்கம் 1780. பிரன்ஸ்விக்கில் கணிதமும் இயற்கை அறிவியலும் கற்பித்த யோஹான் ஹெல்விக் (பூச்சியியலிலும் பெயர் பெற்றவர்) 1,617 கட்டங்கள் கொண்ட பலகையை அமைத்தார். சிவப்புக் கட்டம் மலை, நீலம் நீர், பச்சை சதுப்பு நிலம் என நிலத்தின் இயல்பு முதன்முதலாக ஆட்டத்துக்குள் வந்தது. 1797-இல் கேயார்க் வென்டூரினி இதை 3,600 கட்டங்களாகப் பெருக்கினார்.

கட்டங்களைக் கைவிட்டவர் பிரெஸ்லாவைச் சேர்ந்த அரசு ஆலோசகர் கேயார்க் லெயோபோல்ட் ஃபொன் ரைஸ்விட்ஸ். ஆறும் குன்றும் கட்டத்துக்குள் அடங்குவதில்லை என்பதால், அவர் நிலத்தை மணலில் வடித்து, படைகளை அளவுகோல் வைத்து நகர்த்தினார். இளவரசர்கள் வழியாகச் செய்தி அறிந்த மன்னர் மூன்றாம் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம், தாமும் பார்க்க விரும்பினார். மன்னர் முன் மணலை வைப்பதா என்று தயங்கிய ரைஸ்விட்ஸ் 1812-இல் கொண்டுவந்து நிறுத்தியது, இழுப்பறைகள் நிறைந்த பெரிய மேசை. சாந்தில் வார்த்து வண்ணம் தீட்டிய நிலத்துண்டுகள், சாலை, ஆறு, ஊர் என விரும்பியபடி சேர்த்து அடுக்கத்தக்கவை. படைகள் பீங்கான் காய்கள். அரச குடும்பத்தார் அதில் ஆடினர். அந்த மேசை இன்றும் பெர்லினில் பாதுகாக்கப்படுகிறது. இத்துறையில் எஞ்சிய பொருள்களில் இதைவிட அழகானது வேறு இல்லை எனலாம்.

ஆனால் அரண்மனை மேசை படைமுகாமுக்குப் போகாது. அவருடைய மகனும் பீரங்கிப் படை அதிகாரியுமான கேயார்க் ஹைன்ரிக் ருடோல்ஃப், 1:8000 அளவுள்ள தாள் வரைபடத்துக்கு ஆட்டத்தை மாற்றி, 1824-இல் விதிநூல் வெளியிட்டார். ஒரு சுற்று என்பது போர்க்களத்தின் இரண்டு நிமிடம். அந்நேரத்தில் காலாள் எவ்வளவு நடக்கும், குதிரை எவ்வளவு ஓடும் என்பதற்கு அளவு உண்டு. துப்பாக்கி, பீரங்கிகளின் சேதக் கணக்கு அன்றைய சுடுசோதனை முடிவுகளை ஒட்டியது; மீதியைப் பகடை தீர்த்தது.

இளைய ரைஸ்விட்ஸின் தலையாய சாதனை நடுவரே. ஆடுவோர் ஆணைகளை எழுதி நடுவரிடம் தருவர். குன்றுக்குப் பின்னால் மறைந்து நிற்கும் எதிரிக் குதிரைப்படையின் காய், கண்ணுக்குத் தெரியும் வரை வரைபடத்தில் வைக்கப்படாது. தொலைவில் உள்ள துணைத்தலைவருக்கு ஆணை அனுப்பினால், தூதன் குதிரையில் போய்ச்சேரும் நேரமும் கணக்கில் வரும். வந்துசேர்வதற்குள் நிலைமை மாறியிருக்கக்கூடும். எல்லாக் காய்களும் இருவர் கண்ணிலும் படும் சதுரங்க மரபிலிருந்து ஆட்டம் முற்றிலும் விலகியது இங்கேதான்.

இளவரசர் வில்ஹெல்மின் (பின்னாளில் பேரரசர்) ஆதரவால் தலைமைத் தளபதியகத் தலைவர் ஃபொன் மியூஃப்லிங் ஆட்டத்தைப் பார்வையிட்டார். அலட்சியமாக வந்தவர், இது விளையாட்டல்ல, போர்ப் பயிற்சி என்ற கருத்துப்பட வியந்ததாகச் சொல்வர். இக்கூற்று, ரைஸ்விட்ஸின் குழுவைச் சேர்ந்த டான்ஹவர் ஏறத்தாழ 50 ஆண்டுகள் கழித்து எழுதிய நினைவுக்குறிப்பை நம்பியது. படை முழுவதற்கும் மியூஃப்லிங் இதைப் பரிந்துரைத்தது உறுதி. ஆயினும் இளைய ரைஸ்விட்ஸ் டோர்காவ் கோட்டைக்கு மாற்றப்பட்டார். 1827-இல் தற்கொலை செய்துகொண்டார். மாற்றத்தைத் தண்டனையாகக் கருதியதே காரணம் என்பர் சிலர். உடன் பணியாற்றியோரின் பொறாமையைச் சுட்டுவோரும் உளர்.

அடுத்த சில பத்தாண்டுகளில் படை அதிகாரிகளின் கழகங்கள் ஆட்டத்தைக் காத்தன. பின்னாளில் தலைமைத் தளபதியகத் தலைவரான மோல்ட்கே அதன் ஆதரவாளர். 1862-இல் சிஷ்விட்ஸ் விதிகளைச் சுருக்கினார். 1876-இல் வெர்டி டு வெர்னுவா பகடையையும் அட்டவணைகளையும் நீக்கி, முடிவை நடுவரின் அனுபவத்துக்கே விட்டார். பிரான்சை 1870–71-இல் பிரஷ்யா வென்றபின் பிற நாடுகளும் பின்பற்றின: பிரிட்டன் 1872-இல் தன் பதிப்பை வெளியிட்டது, 1885-இல் ஜப்பான் சென்ற பிரஷ்ய அதிகாரி மெக்கெல் அங்குள்ள படைக்கல்லூரியில் கற்பித்தார், 1887 முதல் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் கடற்போர் வடிவம் நடந்தது. பிரஷ்யாவின் அவ்வெற்றிக்கு இவ்விளையாட்டு எவ்வளவு காரணம் என்பது சான்றுகளால் தீர்க்கக்கூடியதன்று. ரயில்பாதையையும் ஆள்திரட்டலையும் விட்டுவிட்டுப் பேசுவது மிகை.

பொதுமக்களிடம் எச். ஜி. வெல்ஸின் 'லிட்டில் வார்ஸ்' (1913), சார்லஸ் ராபர்ட்ஸின் 'டாக்டிக்ஸ்' (1954) வழியே போர் விளையாட்டு பரவியது. 1974-இல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் கதையை நடத்துபவர் பிரஷ்ய நடுவரின் வழித்தோன்றல் எனக் கருதப்படுகிறார். 1824 விதிநூலின் ஆங்கில மொழிபெயர்ப்பை பில் லீசன் 1983-இல் வெளியிட்டார்.