பார்க் கிராஸ்: ஓர் உரச் சோதனையின் நீட்சி

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில், நெடுங்காலம் உழப்படாதிருந்த புல்வெளி ஒன்றை ஜான் லாஸும் ஜோசப் கில்பர்ட்டும் 1856இல் சோதனைப் பாத்திகளாகப் பிரித்தனர். பார்க் கிராஸ் எனப்படும் அச்சோதனையின் வினா எளியது: எவ்வுரம் இட்டால் உலர்புல் விளைச்சல் மிகும்? லாஸ் சூப்பர் பாஸ்பேட் உர உற்பத்தியாளர் என்பதால் அவ்வினாவில் வியப்பில்லை.

விளைச்சல் பற்றிய விடை விரைவிலேயே தெளிவாயிற்று. ஆனால் பாத்திக்குப் பாத்தி புல்வெளியின் தோற்றமே வேறுபடலாயிற்று. கில்பர்ட்டின் குழுவினர் அறுத்த புல்லை இனவாரியாகக் கையால் பிரித்து எடையிட்டனர். சலிப்பூட்டும் இவ்வேலையே சோதனையின் போக்கை மாற்றியது எனலாம். உரமிடாத பாத்திகளில் ஏறத்தாழ 40 தாவர இனங்கள் நிலைத்தன. அமோனியம் சல்பேட் மிகுதியாக இட்டுச் சுண்ணாம்பு சேர்க்காத பாத்திகளில் மண் கடும் அமிலத்தன்மையுற்று, இரண்டு மூன்று இனங்களே எஞ்சின. விளைச்சலைப் பெருக்கிய உரமே பன்மையைக் குறைத்தது என்பதற்கு உர உற்பத்தியாளரின் நிலமே சான்றாயிற்று.

1900இல் லாஸும் மறு ஆண்டில் கில்பர்ட்டும் மறைந்த பின்னரும் அறுவடை தொடர்ந்தது. லாஸ் நிறுவிய அறக்கட்டளை அதற்குத் துணைநின்றது. ஆண்டுதோறும் உலர்புல் மாதிரிகள் சேமிக்கப்பட்டன. காற்றுவழிப் படியும் நைட்ரஜன் 1980களின் இறுதிக்குப் பின் குறைந்தபோது பாத்திகளில் தாவரப் பன்மை மீளத் தொடங்கியதை 2015இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. ஐந்தாண்டு நிதியில் முடியும் ஆய்வுக்கு இம்மீட்சி புலப்பட்டிராது.