கள்ளிக்காட்டைத் தின்ற பூச்சி



போன மாதம் அன்னவாசல் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். கடலைக்கொல்லையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஒரு பெரியவர், "சார், ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க" என்று வேலியோரம் கூட்டிக்கொண்டு போனார். பழைய சப்பாத்திக்கள்ளி வேலி. மட்டைக்கு மட்டை வெள்ளைப் பஞ்சை ஒட்டிவைத்தாற்போல் இருந்தது. "மாவுப்பூச்சி மாதிரி இருக்கு. வேலியிலேருந்து கொல்லைக்கு இறங்கிடுமோன்னு பயமா இருக்கு. கடலைக்கு வாங்கின மருந்து மிச்சம் கிடக்கு, அடிச்சிடவா?" என்று கேட்டார்.

நான் ஒரு பஞ்சுத் திரளை எடுத்து விரல்களுக்கு நடுவில் நசுக்கினேன். ரத்தம் மாதிரி சிவப்பாக வழிந்தது. பெரியவர் சிரித்துவிட்டார். "சின்ன வயசுல இதைத் தேய்ச்சு மை பண்ணியிருக்கோம் சார்" என்றார். "அப்படியானால் இது உங்களுக்குப் பழைய சொந்தம்தான் ஐயா, மருந்தைத் தொடாதீங்க" என்று சொல்லி, அன்று அவருக்குச் சொன்ன கதையைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

இதன் பெயர் கொச்சினீல் பூச்சி. மழை விட்டதும் தரையில் ஊர்ந்து வருமே செக்கச்சிவந்த தம்பலப்பூச்சி, அது வேறு, இது வேறு. கொச்சினீலில் பெண்ணுக்கு இறக்கை கிடையாது. மட்டையில் வாயைக் குத்தி உட்கார்ந்தால் உட்கார்ந்த இடத்திலேயே சாறு உறிஞ்சி, மேலே வெள்ளை மெழுகுப் பஞ்சைப் போர்த்திக்கொண்டு, அங்கேயே வாழ்ந்து அங்கேயே சாகும். குஞ்சுகள் மட்டும்தான் ஊர்ந்துபோகும், காற்றில் மிதந்து அடுத்த செடிக்கும் போகும். உடம்புக்குள் இருக்கும் சிவப்புச் சாயம் எறும்பு போன்ற எதிரிகளை அண்டவிடாமல் காக்கிறது.

அந்தச் சாயந்தான் இந்தப் பூச்சியை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தது. மெக்சிகோ நாட்டில் கள்ளியில் வளர்த்த கொச்சினீலைக் காயவைத்து விற்று ஸ்பெயின்காரர்கள் பெரும்பணம் சம்பாதித்தார்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் அதைப்போல் சிவப்பு வேறு எதிலும் கிடைக்காது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதில் கண். 1780களில் சென்னையில் இருந்த டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர், சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டுவிட்டுப் பூச்சிக்காகக் காத்திருந்தார். தீனியை முதலில் விதைத்துவிட்டு மாட்டுக்குக் காத்திருந்த கதைதான்.

1795ல் நீல்சன் என்ற கப்பல் கேப்டன் பிரேசில் நாட்டு ரியோ துறைமுகத்திலிருந்து பூச்சி ஒட்டிய கள்ளியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். ஆனால் அது சாயத்துக்கு உதவும் உயர்ந்த இனம் இல்லை, அதன் பங்காளி இனம். கம்பெனி எதிர்பார்த்த வியாபாரம் நடக்கவில்லை. நடந்தது வேறு. அப்போது நாட்டில் பரவியிருந்த ஒருவகைக் கள்ளியை அந்தப் பூச்சி தின்று தீர்க்க ஆரம்பித்தது. வடக்கே இந்த அதிசயத்தைப் பார்த்த பிறகு, 1836 முதல் 1838 வரையிலான ஆண்டுகளில் தென்னாட்டிலும் அதைக் கொண்டுவந்து விட்டார்கள். 1860களில் இங்கிருந்து இலங்கைக்கும் போயிற்று. களையை ஒழிக்கப் பூச்சியை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வேண்டுமென்றே கொண்டுபோனதில் உலகத்திலேயே முதல் உதாரணங்களாக இவற்றைத்தான் சொல்கிறார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கள்ளியில் பல இனம், கொச்சினீலிலும் பல இனம். ஒரு பூச்சிக்குப் பிடித்த கள்ளி இன்னொன்றுக்குப் பிடிக்காது. முதலில் வந்த பூச்சி, தனக்குப் பிடித்த கள்ளியை முடித்துவிட்டு, நம்மூர்ச் சப்பாத்திக்கள்ளியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். பொட்டல், மேய்ச்சல் தரிசு, ஊரணிக்கரை, ஒற்றையடிப்பாதை என்று தென்மாவட்டங்களில் புகுந்து நின்றது. ஒரு மட்டை விழுந்தால் அதுவே வேர்விடும். வெட்டிப்போட்டால் ஒன்று பத்தாகும். முள்ளாவது கண்ணுக்குத் தெரியும், அதன் சுணை தெரியாது. ஆடுமாடு வாயில் ஏறினால் மேய்ச்சலே போயிற்று. பாம்புக்கும் எலிக்கும் அந்தப் புதர் அரண்மனை. பஞ்ச காலத்தில் முள்ளைச் சுட்டுவிட்டு மாட்டுக்குப் போட்டுக் காப்பாற்றியவர்களும் உண்டு, அந்த உபகாரத்தையும் மறைக்கக்கூடாது.

சப்பாத்திக்கள்ளிக்குப் பொருத்தமான பூச்சி 1926ல்தான் வந்தது. வட அமெரிக்காவைச் சேர்ந்த வேறொரு கொச்சினீல் இனத்தை இலங்கையிலிருந்து கொண்டுவந்தார்கள். செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. பூச்சி பிடித்த மட்டையை வெட்டி நல்ல புதரின் மேல் வைத்துவிட்டு வரவேண்டியதுதான். மீதியைக் குஞ்சுகளும் காற்றும் பார்த்துக்கொண்டன. ஐந்தாறு ஆண்டுகளில் தென்னிந்தியாவில் சுமார் ஒரு லட்சம் ஏக்கர்க் கள்ளிக்காடு சரிந்தது. கோயம்புத்தூரில் பூச்சியியல் வல்லுநராக இருந்த டி.வி.ராமகிருஷ்ண அய்யர் இந்தப் பூச்சிகளைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கள்ளி அடியோடு அழிந்துவிடவில்லை. இங்கே ஒரு புதர், அங்கே ஒரு வேலி என்று நிற்கிறது, கூடவே பூச்சியும் இருக்கிறது. பெரியவர் வேலியில் நாங்கள் பார்த்ததும் அந்த வம்சந்தான்.

ஆஸ்திரேலியாவில் கதை இன்னும் பெரிது. அங்கே கள்ளி பிடித்த நிலம் ஆறு கோடி ஏக்கர். அவர்கள் ஆள் அனுப்பி இந்தியா உட்பட நாடு நாடாகப் பூச்சி தேடினார்கள். கடைசியில் 1925ல் அர்ஜென்டினாவிலிருந்து கொண்டுவந்த ஓர் அந்துப்பூச்சியின் புழுதான் முக்கால்வாசி வேலையை முடித்தது. அந்தப் பூச்சியின் பெயரில் விவசாயிகள் ஒரு நினைவு மண்டபமே கட்டினார்கள்.

"பூச்சின்னா இவ்வளவு நல்லதா சார்?" என்று பெரியவர் கேட்டார். நல்லது கெட்டது பூச்சியில் இல்லை, யார் கொல்லையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மொராக்கோ நாட்டில் சப்பாத்திக்கள்ளி களை அல்ல, பழத்தோட்டம். நமக்குக் கள்ளியை ஒழித்துத் தந்த அதே பூச்சி 2014ல் அங்கே போய்ச் சேர்ந்து, அதை நம்பியிருந்த ஏழைக் குடும்பங்களின் வருமானத்தை அழித்துவிட்டது. நம்மிடமே பாருங்கள், 2008ல் கோயம்புத்தூர்ப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெளுக்கவைத்தது. மருந்து அடித்து அடித்து மக்கள் ஓய்ந்துபோனார்கள். மெழுகுப் போர்வைக்குள் இருக்கும் பூச்சியிடம் மருந்து எளிதில் போய்ச் சேராது. நன்மை செய்கிற பூச்சிகள்தான் முதலில் செத்தன. 2010ல் புவர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து, பெருக்கி வயல்களில் விட்ட பிறகுதான் அது அடங்கியது. கண்ணுக்கே சரியாகத் தெரியாத குளவி அது.

கள்ளி போன பொட்டலில் இன்று சீமைக்கருவேல் நிற்கிறதே, அதற்கும் ஒரு பூச்சி விட்டால் என்ன என்று கூட்டங்களில் கேட்கிறீர்கள். தென்னாப்பிரிக்காவில் அதன் விதையைத் தின்னும் வண்டை விட்டிருக்கிறார்கள். மரத்தைக் கொல்லும் பூச்சியை அப்போது விடவில்லை, காரணம் காய் ஆடுமாட்டுக்குத் தீவனம். நம் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்களையும் கேட்டுத்தான் இதில் முடிவு செய்யவேண்டும். விட்ட பூச்சியைத் திரும்பக் கூப்பிட முடியாது.

பெரியவரின் சந்தேகத்துக்கு வருகிறேன். கொச்சினீல் கள்ளிக் குடும்பத்தைத் தவிர வேறு எதிலும் பிழைக்காது. கடலைக்கும் வராது, கொய்யாவுக்கும் வராது. ஆகவே உங்கள் வேலியில் பார்த்தாலும் மருந்து அடிக்க வேண்டாம். ஆனால் வேறு செடியில் வெள்ளையாகப் பஞ்சு கண்டால் அது கொச்சினீல் இல்லை. ஒரு கிளையை ஒடித்து உறையில் கட்டி, உங்கள் வட்டார விரிவாக்க மையத்துக்குக் கொண்டுவந்து காட்டுங்கள்.

"கொல்லைக்கு வராதுன்னா சரி. ஆனா வேலி போயிடுமே சார்?" என்றார் பெரியவர். போகத்தான் போகிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் கிளுவைப் போத்து வெட்டி இடைவெளியில் ஊன்றிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பக்கத்து ஊரில் போத்து கிடைக்கும் என்று அவரே சொன்னார்.