கஞ்சாப் பயிரும் பக்குவம் அறிந்தோரும்

தண்ணீரூற்று வயல்களில் காலபோக நெல் முற்றியதை அறிய எவரும் ஏடு புரட்டுவதில்லை. கதிர் தலைசாய்ந்ததும் தாள் பழுத்ததும் உழவனுக்குப் போதிய சான்று. மாசி, பங்குனியில் இங்கு அரிவுவெட்டு நடைபெறும் அதே நாட்களில், வங்காளத்தின் நவ்காவ்ன் வட்டாரத்திலும் ஒருகாலத்தில் அறுவடை நடந்தது. அங்கே விளைந்தது கஞ்சா. அதுவும் அரசாங்கத்தின் அனுமதியோடு.

ராஜ்ஷாகி, போக்ரா, தினாஜ்பூர் ஆகிய மூன்று மாவட்டங்கள் கூடும் பகுதியில் அப்பயிர்நிலம் இருந்தது. பிரித்தானிய ஆட்சியில் உரிமச்சீட்டின்றி அதைப் பயிரிடலாகாது. விளைவு முழுவதும் மேற்பார்வைக்குட்பட்ட பண்டகசாலைக்குப் போதல் வேண்டும். எடைக்கு வரியும் உண்டு. ஆனால் பயிரின் பக்குவத்தை விதியால் வரையறுக்க முடியுமா? அது உழவர் கண்ணையே நம்பியிருந்தது.

ஆவணியில் நாற்றங்காலில் விதைத்து, புரட்டாதியில் பிடுங்கி நடுவர். கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆணின் மகரந்தம் பட்டால் பெண் செடி விதை பிடித்துவிடும், பிசின் குறையும், சரக்கு விலைபோகாது. ஆகவே கார்த்திகையளவில் பரக்தார் என்னும் கைதேர்ந்தவர் கூலிக்கு வருவார். வரிசை வரிசையாக நடந்து, பூ விரியுமுன்பே ஆண் செடியை இனங்கண்டு பிடுங்கி எறிவார். அவர் கண்ணுக்குத் தப்பிய ஒரு செடி, காற்றுவாக்கில் அயலவர் வயலையும் கெடுத்துவிடும். ஓராண்டு உழைப்பின் பலன் அந்த ஒருவர் பார்வையில் தங்கியிருந்தது என்றால் மிகையன்று.

தை பிறந்தபின் பூங்கொத்துகள் திரளும். பெரிய இலைகள் உதிர்வதும், கொத்துகள் பசுமை மங்கிப் பழுப்பேறுவதும் பக்குவத்தின் அறிகுறிகள். வெட்டியதை வெயிலில் வாட்டி அடுக்கி, மூங்கிற்கழியைப் பற்றியபடி ஆட்கள் வரிசையாக நின்று காலால் மிதிப்பர். சூடு மிதிப்பதைக் கண்ட வன்னி மக்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. இங்கே மாடு, அங்கே மனிதர்.

இச்செய்திகளை ஏட்டில் ஏற்றியவர்களுள் 1877 இல் அறிக்கை எழுதிய ஹேம் சந்திர கெர் முன்னோடி. கல்கத்தாத் தாவரவியற் பூங்காவைச் சேர்ந்த டேவிட் பிரெய்ன் 1893 இல் மேலும் ஆராய்ந்தார். அவ்வாண்டே மக்வர்த் யங் தலைமையில் இந்தியக் கஞ்சா ஆணைக்குழு அமைக்கப்பெற்று, 1,193 பேரிடம் சாட்சியம் பெற்றது. மிதமான பாவனையாற் பெருந்தீங்கில்லை, மிகையான பாவனை கேடு, முற்றான தடை வேண்டியதில்லை, வரியும் கட்டுப்பாடுமே போதும் என்பது அதன் முடிபு. வரிவருவாயில் நாட்டமுள்ள அரசுக்கு அது உவப்பாயிருந்ததில் வியப்பில்லை.

1917 இல் உழவர் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். தரகர் கையிலிருந்த இலாபத்தில் ஒரு பங்கு பள்ளிக்கூடத்துக்கும் மருந்துச்சாலைக்கும் திரும்பியது. ஆனால் உலகப்போக்கு மாறிக்கொண்டிருந்தது. 1925 ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை கஞ்சாவையும் சர்வதேசக் கட்டுப்பாட்டிற்குள் கொணர்ந்தது. இலங்கையில் 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் இச்செடியின் பயிர்ச்செய்கையைத் தடுத்தது. நவ்காவ்னோ நெடுங்காலம் விதிவிலக்காய் நின்றது. 1947 இற் பாகிஸ்தானுக்கும், 1971 இற் பங்களாதேசத்துக்கும் உரியதாயிற்று. 1987 இல் அந்நாட்டரசு பயிர்ச்செய்கையை நிறுத்தியது. பரக்தாரின் தொழிலும் அத்துடன் முடிந்தது.